சைக்கிளுக்கு உகந்த சாலை

ஒரு சாலை நல்ல சாலையா அல்லவா என்று வினவினால், விடை சொல்கிறவர் எதில் ஏறிப் பிரயாணம் செய்கிறவர் என்பதைப் பொறுத்தே அந்த விடை அமையும். மோட்டார் வைத்திருப்பவருக்குச் சாலை அகலமாகவும் நேராகவும் இருந்துவிட்டால் போதும். மாட்டு வண்டிக்காரருக்கு மாட்டின் குளம்பு வழுக்காத தளமும் வழியில் தண்ணீரும் நிழலும் இருந்தால் போதும். ஆனால் தன் தேகபலம் ஒன்றையே நம்பி, இரண்டு மெல்லிய சக்கரங்களின்மீது நிலை தவறாமல் செல்லவேண்டிய சைக்கிள் பிரயாணிக்கோ, வழியிலுள்ள ஒவ்வொரு கல்லும், ஒவ்வொரு மேடும், பக்கத்தில் உராய்வதுபோல் விரைந்து போகும் ஒவ்வொரு வாகனமும் உடம்பால் உணர்ந்து தீரவேண்டிய விஷயங்களாகும். ஆகவே, சாலைகளைத் தரம் பிரித்து எழுதிவைக்கும் காரியத்தைச் சர்க்கார்களும் பொறியியல் நிபுணர்களும் கிரமமாக மேற்கொள்வதற்கு முன்பே சைக்கிள்காரர்கள் தாமாக மேற்கொண்டார்கள் என்பதில் ஆச்சரியம் இல்லை. ஏறக்குறைய நூற்றைம்பது ஆண்டுகளாக நடந்துவரும் அந்தக் காரியத்தின் சரித்திரத்தை ஆராய்ந்து பார்த்தால், எந்தக் காலத்திலும் சாலையை அளந்தவர்கள் எந்தப் பிரயாணியை மனத்தில் வைத்து அளந்தார்களோ, அந்தப் பிரயாணிக்குத் தக்கபடியே அவர்களுடைய அளவுகோலும் அமைந்தது என்ற உண்மை நன்கு புலப்படும்.

இந்தச் சரித்திரத்தின் முதல் அத்தியாயம் இங்கிலாந்துக்கு உரியது. 1816-இல் பிரிஸ்டல் வட்டாரத்துச் சாலைகளின் மேற்பார்வையை ஏற்றுக்கொண்ட ஜான் லௌடன் மெக்காடம், ஆறு அவுன்சு எடைக்கு மேற்படாத சல்லியாகக் கல்லை உடைத்துப் பரப்பி, போகிற வண்டிகளின் பாரத்தாலேயே அது இறுகிக் கெட்டிப்படும்படி செய்யும் முறையைப் பிரசித்தமாக்கினார். அந்த முறையில் அமைந்த சாலைகளில் நாலு குதிரை பூட்டிய கோச்சு வண்டிகள் இருபது முப்பது ஆண்டுக்காலம் கம்பீரமாக ஓடின. அதன் பிறகு ரயில் வந்தது. நெடுந்தூரப் பிரயாணிகள் அனைவரும் ரயிலை நாடிப் போய்விடவே, சுங்கம் வசூலித்துச் சாலையைப் பராமரித்துவந்த குழுக்கள் வருமானம் இழந்து ஒவ்வொன்றாகக் கலைந்தன. வேல்ஸ் நாட்டின் ஆங்கிள்ஸி தீவில் எஞ்சி நின்ற கடைசிச் சுங்கச் சாலையும் 1895-இல் அந்த நிலையை நீத்தது. சுங்கக் குழுக்கள் கைவிட்ட சாலைகளைப் பேணும் பாரம், அதற்குரிய பணமும் அறிவும் இல்லாத சிறிய ஊர்ச்சபைகளின் தலையில் பல இடங்களில் வந்து விழுந்தது. கோடையில் புழுதியும் மாரியில் சேறும் மண்டிய அந்த ஆளரவமற்ற சாலைகளில்தான், 1870-களில், புதிய யந்திரத்தில் ஏறிக்கொண்டு இளைஞர்கள் புறப்பட்டார்கள்.

அந்த யந்திரம் நாம் இன்று அறிந்த சைக்கிள் அன்று. முன் சக்கரம் ஏறக்குறைய ஆள் உயரமும் பின் சக்கரம் மிகச் சிறியதுமாக இருந்த அதன் உச்சியில் அமர்ந்து செல்கிறவர், ஒரு கல்லில் சக்கரம் தடுக்கினாலும் தலைகுப்புற முன்னே வீசி எறியப்படுவார். செங்குத்தான இறக்கத்தில் அதன் வேகத்தை அடக்குவதற்குப் போதிய பிரேக்கும் அதில் இல்லை. இந்த நிலைமையில், அடுத்த ஊருக்குப் போகும் வழியில் எந்த இடத்தில் குன்று இறங்குகிறது, அந்த இறக்கத்தின் அடியில் வளைவு உண்டா, தளம் கெட்டியானதா சல்லி சிதறியதா என்பவற்றை முன்கூட்டியே அறிந்துகொள்வது உல்லாசப் பிரயாணியின் சௌகரியத்துக்காக மட்டும் அன்றி, அவனுடைய பிராணனுக்கே பாதுகாப்பாகவும் அவசியமாயிற்று. சைக்கிளுக்கு உகந்த சாலை எது என்ற ஆராய்ச்சி இந்த அவசியத்திலிருந்தே பிறந்தது.

1878 ஆகஸ்டு மாதத்தில் ஹாரோகேட் நகரில் கூடிய சிலர், ஸ்டான்லி காட்டெரெல் என்பவருடைய முயற்சியால் சைக்கிள் யாத்திரைச் சங்கம் ஒன்றை நிறுவினார்கள். 1883-இல் சைக்கிள்காரர் யாத்திரைச் சங்கம் என்று பெயர் மாற்றம் பெற்ற அந்த ஸ்தாபனம், 1899-இல் 60,000-க்கு மேற்பட்ட அங்கத்தினர்களைக் கொண்டதாக வளர்ந்தது. ஊர்தோறும் அது ஒரு பிரதிநிதியை நியமித்தது. வேற்று நாட்டில் தன் நாட்டாருக்கு உதவும் அதிகாரியை அழைக்கும் கான்ஸல் என்ற பட்டத்தையே அந்தப் பிரதிநிதிக்கும் அது வழங்கிற்று. தன் ஊரைச் சுற்றியுள்ள சாலைகளின் நிலை, தங்குவதற்குரிய விடுதி, யந்திரம் பழுதுபட்டால் செப்பனிடக்கூடிய பட்டறை ஆகியவற்றை வரும் அங்கத்தினருக்குத் தெரிவிப்பது அவருடைய கடமை. சம்பளம் வாங்காத இத்தகைய மனிதர்கள் தங்கள் கால்களால் மிதித்து அறிந்த அனுபவமே பிற்காலத்தில் சங்கம் வெளியிட்ட சாலைப் புத்தகங்களுக்கு மூலதனமாயிற்று. சங்கத்தாரும் தேசிய சைக்கிள்காரர் சங்கத்தாரும் அபாயமான குன்றுகளின் உச்சியில் இரும்புப் பலகைகளை நட்டு, இந்த இறக்கம் அபாயமானது என்று சைக்கிள்காரர்களுக்கு அறிவித்தார்கள். பொதுச் சாலையின் குறைபாட்டை அதன் உபயோகஸ்தர்களே பரிசீலித்து, தம் சொந்தச் செலவில் அந்த இடத்திலேயே எழுதி வைத்தது அவர்களுடைய பொறுப்புணர்ச்சிக்குச் சிறந்த அத்தாட்சியாகும்.

1885-இல் ஸ்டார்லி என்பவர் இரண்டு சக்கரமும் ஏறக்குறைய சம அளவுள்ள ரோவர் சைக்கிளையும், 1888-இல் பெல்பாஸ்டு நகரத்து டன்லப் காற்றடைத்த டயரையும் கொடுத்த பிறகு, சைக்கிள் துணிச்சல்காரர்களின் கையிலிருந்து சாமானிய ஜனங்களின் கைக்கு வந்தது. பிரயாணி மாறியதும் அளவுகோலும் நுட்பமாயிற்று. எடின்பரோவில் பிரசுராலயம் நடத்திய குடும்பத்தைச் சேர்ந்த ஹாரி இங்கிலிஸ் 1896-இல் வெளியிட்ட ஸ்காட்லாந்துச் சாலைப் புத்தகம், ஒவ்வொரு சாலையின் ஏற்ற இறக்கத்தையும் பக்கவாட்டில் வெட்டிப் பார்த்தாற்போல் கோடு வரைந்து காட்டி, எந்த மைலில் எவ்வளவு செங்குத்து, எங்கே தளம் மோசம் என்பவற்றையும் உடன் சேர்த்து எழுதிற்று. பார்த்தலோமியு கம்பெனியார் அச்சிட்ட, இரண்டு மைலை ஓர் அங்குலமாகச் சுருக்கிக் காட்டும் படங்களில், சைக்கிள் சங்கத்தாரின் உதவியுடன் சாலைகள் முதல் தரம், நல்ல இரண்டாந்தரம், சுமாரானது என்று வகுக்கப்பட்டு வர்ணம் பெற்றன. வர்ணம் பூசப்படாத சாலைகள் தாழ்ந்தவை, சைக்கிள்காரர்களுக்குச் சிபாரிசு செய்யத் தக்கவை அல்ல என்ற குறிப்பும் படத்தின் ஓரத்தில் அச்சாயிற்று. ஒரு தேசத்தின் சாலைகள் முழுவதையும் சைக்கிள் பிரயாணி ஒருவனுடைய கண்ணோட்டத்தில் தரம் பிரித்து, அந்தத் தீர்ப்பைப் படம் வாங்கிய ஒவ்வொருவரும் விரித்துப் பார்க்கும்படி செய்த அந்தப் படங்கள், சங்கத்தின் ஊர்ப் பிரதிநிதிகள் தொடங்கிவைத்த பரிசீலனையின் முதிர்ந்த பயன் என்றே சொல்லவேண்டும்.

இங்கிலாந்தில் அறிவிப்பாக இருந்தது அமெரிக்காவில் கிளர்ச்சியாக வளர்ந்தது. அங்கே நகர எல்லையைத் தாண்டியதும் சாலை என்று சொல்லத் தகுந்த ஒன்று பெரும்பாலும் இல்லை. மழைக்காலத்தில் வண்டியின் அச்சுவரை சேறு புதையும் மண் தடங்களே இருந்தன. 1880-இல் ரோட் தீவு மாநிலத்து நியூபோர்ட் நகரில் பிறந்த அமெரிக்கச் சைக்கிள்காரர் சங்கம் இந்தச் சாலைகளின் நிலைமையை எடுத்துரைப்பதோடு திருப்தி அடையவில்லை. அதன் தலைவர்களில் ஒருவரான ஐசக் பாட்டர் 1891-இல் குடியானவர்களை நோக்கி நல்ல சாலைகளின் அவசியத்தைப் பற்றி ஒரு சிறு நூல் எழுதினார். சேற்றில் புதையும் வண்டியால் விளைபொருளைச் சந்தைக்குக் கொண்டுபோக முடியாமல் நஷ்டப்படுகிறவன் குடியானவனே என்பது அவருடைய வாதம். 1892 ஜனவரியில் சங்கம் நல்ல சாலைகள் என்ற பெயரிலேயே ஒரு மாதப் பத்திரிகையைத் தொடங்கிற்று. சைக்கிள் உற்பத்தியாளரான கர்னல் ஆல்பர்ட் போப், சாலைகளைக் கவனிக்கத் தனி இலாகா வேண்டும் என்று பெருந்திரளான கையொப்பங்களுடன் அமெரிக்கக் காங்கிரஸுக்கு விண்ணப்பம் அனுப்பினார். இவற்றின் பயனாக 1893-இல் விவசாய இலாகாவின்கீழ்ச் சாலை விசாரணை ஆபீஸ் ஒன்று ஏற்பட்டு, ஜெனரல் ராய் ஸ்டோன் அதன் தலைவரானார். இன்று அந்நாட்டின் மகத்தான நெடுஞ்சாலைகளை மேற்பார்வையிடும் மத்திய ஸ்தாபனம் அந்தச் சிறிய ஆபீஸின் வழித்தோன்றலேயாகும்.

இங்கிலாந்திலும் சைக்கிள் சங்கங்கள் 1886-இல் சாலை அபிவிருத்திச் சங்கத்தைத் தோற்றுவித்தன. சைக்கிள் ஓட்டும்போது கண்ட குறைகளால் சாலைத் துறையில் ஈடுபட்ட ரீஸ் ஜெஃப்ரீஸ் என்பவர் அதில் நெடுங்காலம் உழைத்து, 1909-ஆம் ஆண்டுச் சட்டத்தால் உண்டான மத்தியச் சாலை போர்டுக்குக் காரியதரிசியானார். இதற்கிடையில், நாட்டிங்ஹாம் பிராந்தியத்துச் சாலைப் பொறியாளரான ஹூலி 1902-இல் தாரும் கப்பியும் கலந்த தளத்துக்கு உரிமை பெற்றார். புழுதியும் சேறும் படிப்படியாக மறைந்தன. சைக்கிள்காரர்கள் முப்பது ஆண்டுகளாக வேண்டிக்கேட்ட வழுவழுப்பான சாலை கிட்டிவிட்டது. ஆனால் அந்த வழுவழுப்பான சாலையில் சைக்கிள்காரரைவிட வேகமாகவும் பெருகியும் வந்து சேர்ந்தவர் மோட்டார்க்காரர். தளம் நன்றாயிருந்தால் சாலை நன்று என்ற பழைய அளவுகோல், அது எந்த நோக்கத்துக்காக ஏற்பட்டதோ அந்த நோக்கத்தை நிறைவேற்றிய அதே காலத்தில், சைக்கிள்காரருக்குப் பயனற்றதாகிவிட்டது. முதல் தரமென்று படத்தில் வர்ணம் பெற்ற சாலைகளே அவருக்கு முதல் தரமான அபாயமாக மாறின. 1934-இல் லண்டனின் மேற்கே வெஸ்டர்ன் அவென்யூ என்ற பெருஞ்சாலையை ஒட்டிச் சைக்கிளுக்கென்று தனிப்பாதை போடப்பட்டபோது, சாலையின்மீது தங்களுக்குள்ள உரிமை பறிபோவதற்கு இது முதற்படி என்று அஞ்சிச் சைக்கிள் சங்கத்தாரே அதை எதிர்த்தார்கள். அந்த அச்சத்துக்கு ஆதாரம் இல்லாமல் இல்லை. எனினும் வேகமான வாகனங்களுக்கு நடுவே ஒரு சாமானியப் பிரயாணி எப்படிப் பிழைத்துப் போவது என்ற புதிய கேள்விக்கு அந்த எதிர்ப்பு விடையாக அமையவில்லை.

அந்த விடையைத் தேடும் பொறுப்பு நெதர்லாந்துக்கு வாய்த்தது. சமதரையான அந்த நாட்டில் 1883-இலேயே சைக்கிள்காரர் சங்கம் தோன்றி, வழிகாட்டிப் பலகைகள் நட்டுவந்தது. 1919 முதல் காட்டுப் பாதைகளின் சந்திகளில் அது நிறுவிய, காளான் வடிவில் தாழ்ந்து நிற்கும் எண்ணிட்ட வழிக்கற்களை இன்றும் காணலாம். ஆயினும் இரண்டாம் உலகயுத்தத்துக்குப் பின் மோட்டார் பெருகியபோது அந்த நாட்டின் நகரங்களும் மோட்டாருக்கே இடம் விட்டன. 1971-இல் மட்டும் சாலை விபத்துகளில் இறந்தவர்கள் 3,000-க்கு மேல்; அவர்களில் 400-க்கு மேற்பட்டவர்கள் குழந்தைகள். பெற்றோர்களின் துக்கம் கிளர்ச்சியாகத் திரண்டு, குழந்தைக் கொலையை நிறுத்துங்கள் என்ற பொருள்படும் பெயரோடு 1973-இல் ஓர் இயக்கமாயிற்று. இரண்டு ஆண்டுகளில் புதிய சைக்கிள்காரர் சங்கமும் பிறந்தது. அதன் கிளைகளைச் சேர்ந்த தொண்டர்கள் தத்தம் ஊரில் சைக்கிள்காரர் இடர்ப்படும் சந்திகளையும் குறுகல்களையும் படத்தில் குறித்து நகரசபைகளின் முன் வைத்தார்கள். நூறாண்டுக்கு முன் ஆங்கிலேயப் பிரதிநிதிகள் குன்றுகளைக் குறித்தார்கள் என்றால், இவர்கள் மோட்டார்களைக் குறித்தார்கள். அதைவிடப் பெரிய வேற்றுமை, அளவுகோலின் எதிரே நிறுத்தப்பட்ட பிரயாணியிலே இருந்தது: முன்னே இருந்தவன் திடகாத்திரமான யாத்திரிகன், இப்போது இருந்தது பள்ளிக்கூடம் போகும் குழந்தை.

இந்த மாற்றத்தின் முழுப் பயன் 1993-இல் அந்நாட்டுத் தொழில்நுட்ப நிலையமான க்ரோ வெளியிட்ட சைக்கிள் வழி அமைப்புக் கையேட்டில் விளங்கிற்று. சைக்கிளுக்கு உகந்த வழி எது என்பதற்கு அது ஐந்து இலக்கணங்களை வகுத்தது: வழிகள் ஒன்றோடொன்று இடையறாமல் இணைந்திருத்தல், சுற்றாமல் நேராகச் செல்லுதல், மனத்துக்கு இனிதாயிருத்தல், பாதுகாப்பாயிருத்தல், உடம்புக்குச் சௌகரியமாயிருத்தல். பழைய சாலைப் புத்தகங்கள் முதன்மையாகக் கருதிய தளமும் ஏற்றமும் இந்த ஐந்தில் ஒன்றான சௌகரியத்துக்குள் அடங்கிவிட்டன என்பதைக் கவனித்தால், எண்ணம் எவ்வளவு விரிந்துவிட்டது என்பது விளங்கும். 2000-ஆம் ஆண்டை ஒட்டி அந்நாட்டுச் சைக்கிள்காரர் சங்கம், அதிர்வையும் இரைச்சலையும் தாமதத்தையும் பதிவு செய்யும் கருவிகள் பூட்டிய சைக்கிளை நகரம் நகரமாக ஓட்டி, ஊர்களை ஒப்பிட்டுத் தீர்ப்பும் கூறிற்று.

எண்ணால் கணக்கிடும் முயற்சிகள் வேறு நாடுகளிலும் நடந்தன. 1970-களின் இறுதியில் ஆஸ்திரேலியாவின் ஜீலாங் நகரத்துச் சைக்கிள் திட்டத்தில், ஒரு சாலை பிரயாணிக்கு எவ்வளவு மன நெருக்கடி தருகிறது என்பதையே அளவாகக் கொள்ளும் கருத்து உருவாயிற்று. அமெரிக்காவில் 1987-இல் டேவிஸ் என்ற அறிஞர் சாலையின் பாதுகாப்புக்கு ஒரு குறியெண் வகுத்தார். 1997-இல் லாண்டிஸும் அவர் கூட்டாளிகளும் ஃபுளோரிடாவின் டாம்பா நகரில் ஏறக்குறைய 150 பேரை உண்மையான போக்குவரத்துக்கு நடுவே ஓட்டச் சொல்லி, அவர்கள் கொடுத்த மதிப்பெண்களையும் வாகன எண்ணிக்கை, வேகம், கனரக வண்டிகளின் விகிதம், தளத்தின் நிலை, ஓரத் தடத்தின் அகலம் ஆகியவற்றையும் பொருத்திச் சூத்திரம் ஒன்று அமைத்தார்கள். மறுவருஷம் ஹார்க்கியும் அவர் குழுவினரும் மூன்று நகரங்களில் 200-க்கு மேற்பட்டவர்களுக்குச் சாலைகளின் வீடியோப் படங்களைக் காட்டி, அவர்களுடைய அபிப்பிராயத்திலிருந்து இன்னொரு சூத்திரத்தை வகுத்தார்கள். போற்றத்தக்க உழைப்பு இது. ஆனாலும் இந்தச் சூத்திரங்கள் பலவகைப்பட்ட பிரயாணிகளின் மதிப்பெண்களைக் கூட்டி வகுத்துச் சராசரி கண்டன. சராசரிப் பிரயாணி என்று ஒருவர் எந்தச் சாலையிலும் செல்வதில்லை.

இந்தக் குறையை 2012-இல் மெகுரியா, ஃபர்த், நிக்ஸன் ஆகிய மூவரும் கலிஃபோர்னியாவின் சான் ஹோஸே நகரைப் பற்றி எழுதிய ஆராய்ச்சி நீக்கிற்று. சாலைகளை அவர்கள் நான்கு நிலைகளாகப் பிரித்தார்கள்: குழந்தைகளும் அச்சமின்றிச் செல்லத்தக்கது முதல் நிலை, பெரும்பாலான வயதுவந்தோர் சகிக்கத்தக்கது இரண்டாம் நிலை, பழகிய சைக்கிள்காரர் துணிந்து போவது மூன்றாம் நிலை, மிகுந்த துணிச்சல்காரர் மட்டுமே போவது நான்காம் நிலை. இரண்டாம் நிலைக்குரிய வரம்புகளை அவர்கள் நெதர்லாந்தின் அனுபவத்தை ஒட்டியே வகுத்தார்கள். இந்தப் பிரிவினையைவிட முக்கியமானது, அவர்கள் கைக்கொண்ட விதி: ஒரு வழியின் தரத்தைச் சராசரியால் நிர்ணயிக்கக் கூடாது, அதிலுள்ள மிக மோசமான பகுதியே முழு வழியின் தரமாகும். பலகை பாவிய பாலத்தின் நடுவே ஒரு பலகை இல்லாவிட்டால், மற்றப் பலகைகள் எவ்வளவு உறுதியாயிருந்தும் அக்கரை சேர முடியாதல்லவா? அமைதியான பத்துத் தெருக்களைக் கடந்துவந்த தாயும் குழந்தையும் பதினோராவதாக ஒரு பெருஞ்சாலையின் சந்தியில் திகைத்து நின்றுவிட்டால், அந்தப் பத்துத் தெருக்களின் அமைதியும் அவர்களுக்கு உதவாததாகிவிடுகிறது. அந்த நகரில் ஆறு மைலுக்கு உட்பட்ட வேலைப் பிரயாணங்களில் 4.7 சதவிகிதமே நெருக்கடி குறைந்த வழியால் முழுவதும் இணைக்கப்பட்டிருந்தன என்றும், ஆங்காங்கே அறுந்துகிடக்கும் இடங்களைச் செப்பனிடும் ஓர் அளவான திட்டத்தால் அதை 12.7 சதவிகிதமாக உயர்த்தலாம் என்றும் அவர்கள் கணக்கிட்டார்கள். செலவு எங்கே செய்யவேண்டும் என்பதை அளவுகோலே சுட்டிக் காட்டும்படி அமைந்தது இந்த ஆராய்ச்சியின் பெருஞ்சிறப்பு.

நம் தேசத்துக்கும் இந்தச் சரித்திரத்தில் ஒரு பக்கம் உண்டு. சாலை அபிவிருத்தியைப் பற்றி ஆராய்ந்த ஜெயகர் கமிட்டியின் யோசனைகளை ஒட்டி 1934-இல் அமைந்த இந்தியச் சாலைக் காங்கிரஸ், 1962-இல் சைக்கிள் பாதைகளுக்கென்று தனி விதிமுறை வெளியிட்டது. நெரிசல் மிகுந்த ஒரு மணி நேரத்தில் 400 சைக்கிள்கள் செல்லும் சாலையில், மோட்டார் வாகனங்கள் 100 முதல் 200 வரை சென்றால் தனிப்பாதை போடலாம். மோட்டார் வாகனங்கள் 200-க்கு மேற்பட்டால் 100 சைக்கிள்கள் இருந்தாலும் போடலாம் என்பது அதன் விதியாக இருந்தது. சைக்கிள்காரருக்கு மோட்டாரின் நெரிசல் ஒரு துன்பம் என்பதை அவ்வளவு முன்பே எண்ணால் ஒப்புக்கொண்ட அந்த விதி மரியாதைக்கு உரியது. ஆனால் அது சாலையில் ஏற்கெனவே செல்லும் சைக்கிள்களையே எண்ணிற்று. அச்சத்தால் சைக்கிளை வீட்டிலே நிறுத்திவிட்டவர் அந்தக் கணக்கில் வரமாட்டார். ஒரு சாலை எவ்வளவு அபாயமாகிறதோ அவ்வளவுக்கு அதில் சைக்கிள் குறைந்து, குறைந்த காரணத்தாலேயே தனிப்பாதைக்குத் தகுதியும் இழந்துவிடும்.

1991-லும் அதை அடுத்த ஆண்டிலும் புதுக்கோட்டை மாவட்டத்தில் எழுத்தறிவு ஊட்டிய அறிவொளி இயக்கத்தை ஒட்டி ஆயிரக்கணக்கான கிராமப் பெண்கள் சைக்கிள் ஓட்டக் கற்றார்கள். அதன் பிறகு தமிழ்நாட்டு அரசாங்கம், அரசுப் பள்ளிகளிலும் உதவி பெறும் பள்ளிகளிலும் பதினோராம் வகுப்புப் படிக்கும் மாணவ மாணவியருக்கு விலையில்லாமல் சைக்கிள் வழங்கும் வழக்கத்தை ஏற்படுத்திற்று. சைக்கிளைக் கொடுத்த பின், அதில் ஏறிச் செல்லும் பெண்ணின் வீட்டு வாயிலிலிருந்து பள்ளிக்கூட வாயில் வரையுள்ள வழியைப் பரிசீலிப்பதும் அந்தத் தர்மத்தின் பகுதியேயாகும். இதற்குப் பெருத்த பொருட்செலவோ அரிய கருவிகளோ தேவை இல்லை. ஆங்கிலேயச் சங்கத்தின் ஊர்ப் பிரதிநிதிகளும் நெதர்லாந்துத் தொண்டர்களும் செய்ததைப்போலவே, ஒவ்வொரு பள்ளியிலும் ஆசிரியர்களும் மாணவர்களும் சேர்ந்து, எந்த ஊரிலிருந்து எந்த வழியாகப் பிள்ளைகள் வருகிறார்கள், லாரிகள் விரையும் நெடுஞ்சாலையை எந்த இடத்தில் கடக்கிறார்கள், எந்தப் பாலத்தில் ஓரம் இல்லை, எந்தத் திருப்பத்தில் விளக்கு இல்லை என்பவற்றை ஒரு படத்தில் குறிக்கலாம். அந்தப் படத்தில் மிக மோசமானதாகத் தோன்றும் இடத்துக்கே முதற்செலவு என்று ஊராட்சியும் நெடுஞ்சாலைத் துறையும் விதி செய்துகொள்ளலாம். துணிச்சல்காரன் எந்தச் சாலையிலும் போய்விடுவான். அவன் போய்விட்டான் என்பது சாலையின் தகுதிக்குச் சான்று ஆகாது. புத்தகப் பையை மாட்டிக்கொண்டு தனியே புறப்படும் பிள்ளையைப் பெற்றோர் கவலையின்றி அனுப்பக்கூடிய சாலை எதுவோ அதுவே சைக்கிளுக்கு உகந்த சாலை என்று ஒப்புக்கொண்டு அளக்கத் தொடங்கினால், அந்தச் சாலை மற்ற எல்லாப் பிரயாணிகளுக்கும் உகந்ததாகவே இருக்கும்.